வணக்கம் சொல்லிவிட்டுப் போன ஜீப்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்ததால் நேரம் அப்படியே மனதில் நிற்கிறது. கிணற்றடிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுப் பெண் சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள்.

"டீச்சரம்மா, கேட்டீங்களா இந்தக் கூத்த. சர்க்கார் ஜீப்புல ரெண்டு பேரு வந்தாங்க. வூட்ல அம்மா வந்திருக்காங்க, யாரும் உள்ள வரக்கூடாதுன்னேன். 'உங்கள் தாயாருக்கு எங்கள் வணக்கத்தைத் தெரிவியுங்கள்'னு கும்பிட்டுட்டுப் போறாருமா ஒருத்தர். எங்கம்மா போய்ச் சேந்து எத்தினி வருசம் ஆவுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரில் அம்மா வந்திருக்கிறாள் என்றால் அந்த வீட்டில் யாருக்கோ வைசூரி, பெரியம்மை, கண்டிருக்கிறது என்று பொருள். நோயின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அறுபதுகளின் கடைசி அது. ஊர் ஊராகப் போய் அந்த நோயைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள் அந்த ஜீப்காரர்கள். வாசல் வரை வந்து, விருந்தாளி வந்திருப்பதாக எண்ணித் திரும்பிவிட்டார்கள்.

"யாருக்கு?" என்று கேட்டேன்.

"பெரியவனுக்குத்தான். வியாயக்கெழமலேர்ந்து."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு நாட்களாகச் சுவருக்கு அப்பால் தறிச் சத்தம் கேட்கவில்லை. தறியில் பாவு நூல் தீர்ந்துபோய்ப் புதுசு ஏற்றுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். வேப்பிலையை அவர்கள் கொல்லைப்புற நிலையில் செருகியிருந்தார்கள். முன்வாசலில் கட்டினால் சர்க்கார் ஆட்கள் கண்ணில் பட்டுவிடுமே. நேரில் கேட்டால் மட்டும் அம்மா வரவில்லை என்று பொய் சொல்ல அவளுக்குப் பயம்.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும் நேரமெல்லாம் என் கடைசிக் குழந்தையை அவள்தான் பார்த்துக்கொள்வாள். குழந்தை எனக்கு நாற்பதைத் தொடும் வயதில் பிறந்தவள். இன்னும் நடை பழகவில்லை. தடுப்பூசிக்காரர்கள் வந்தபோதெல்லாம் காய்ச்சலில் கிடந்தாள், பிறகு போடலாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. "பாப்பாவ நான் எங்க வூட்டுக்குள்ள தூக்கிக்கினு போகவே இல்லமா. சாமி சத்தியமா. உங்க வூட்ல வெச்சிதான் பாத்துக்கினேன்."

"ராத்திரியெல்லாம் பையன் உங்க மடியிலதானே படுத்திருக்கான்? அதே புடவையோடதானே இவளையும் தூக்கினீங்க?"

அவள் தன் முந்தானையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக இடுப்பிலிருந்து அதை உருவி, பாம்பைப் பிடிப்பதுபோலத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

தொற்று பட்ட ஓரிரு நாளுக்குள் ஊசி போட்டால் குழந்தை தப்பலாம் என்று படித்திருந்தேன். நாள் தள்ளத் தள்ள அந்த வாய்ப்புப் போய்விடும். ஊரில் ஊசி போடுகிறவர்களும் அந்த ஜீப்புடனேயே கிராமங்களுக்குக் கிளம்பிவிட்டார்கள். என் கணவருக்கு வேலூரில் வேலை. ஜீப்பைத் தேடிப் போக யாருமில்லை. போனாலும் பக்கத்து வீட்டைக் காட்டிக்கொடுக்காமல் என்ன சொல்வது?

"சொல்லிடாதீங்க டீச்சரம்மா," என்றாள் அவள். "பையன ஊருக்கு வெளிய கொண்டுபோய்ப் போட்டுடுவாங்க. அம்மா கோச்சிக்கினா கண்ண எடுத்துடுவா."

அவள் புருஷன் உள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். கொல்லைக் கதவருகே வந்து நின்றார். அதிகம் பேசாத நெசவாளர்.

"இன்னாமே பேசற நீ? நம்மள நம்பித்தான டீச்சர் குழந்தய வுட்டுட்டுப் போவறாங்க?" என்றார். "ஜீப்பு எந்தப் பக்கம் போச்சு?"

"ஓரிக்கைப் பக்கம்," என்றாள் அவள்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். அவள் தன் வாசற்படியில் உட்கார்ந்தாள். குழந்தை அவளைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே இருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் பூகோளம் நடத்துகிறவள். சுவரில் படத்தை மாட்டி, ஒவ்வொரு நாட்டின் எல்லையையும் குச்சியால் சுற்றிக் காட்டுவேன். அன்று அந்தக் கோடுகளெல்லாம் எனக்குக் கேலியாகப் பட்டன. என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே செங்கல் சுவரே இருக்கிறது. நோய் அதைத் தாண்டிவர ஒரு புடவை போதும்.

அன்று வணக்கம் சொல்லிவிட்டுப் போனவர், ஜீப்பில் வந்த டாக்டரின் மொழிபெயர்ப்பாளர், பிற்பாடு சொல்லித் தெரிந்துகொண்டேன். அவர் வடக்கே பிறந்து புத்தகத்தில் தமிழ் படித்தவர். அந்த மருந்து ஒரு பனி தேசத்தில் உலர்த்திக் குப்பியில் அடைத்தது. இரண்டு முனை உள்ள அந்தச் சின்ன ஊசி, அதன் பரம எதிரியான தேசத்தில் செய்தது. அந்த இரண்டு தேசங்களும் ஒன்றையொன்று அணுகுண்டு காட்டி மிரட்டுவதைத்தான் தினமும் ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தோம். ஊசியைக் கையில் பிடித்த டாக்டரோ தென் அமெரிக்காக்காரர். இத்தனை பேர் சேர்ந்து என் தெரு வரை கொண்டுவந்து சேர்த்தது, ஒரே ஒரு சொல் புரியாமல் திரும்பிப் போயிருக்கிறது. நாடுகள் ஒன்றுசேர்வதெல்லாம் மேடைப் பேச்சு என்று யாராவது சொன்னால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. மகளின் கையில் அந்த ஊசித் தழும்பு வட்டமாக இருக்கிறது. ஆனால் சேர்ந்தால் மட்டும் போதாது என்பதும் எனக்குத் தெரியும். கடைசி வாசலில் என்ன சொல்கிறார்கள் என்று காதுகொடுத்துக் கேட்க வேண்டும். புரியாவிட்டால் திரும்பி வர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் அன்று ஜீப்பைப் பிடிக்காமல் போயிருந்தால்?

வெயில் இறங்கியது. ஓரிக்கையிலிருந்து வந்த ஒருவர், ஜீப் அங்கே நிற்கவேயில்லை, முசரவாக்கம் போயிருக்கும் என்றார். அது வேறு திசை. குழந்தையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சலா, வெயில் சூடா என்று தெரியவில்லை.

"வந்துடுவாரு," என்றாள் அவள் தன் படியிலிருந்து. பிறகு, "வரட்டும். நானே உள்ள கூட்டிக்கினு போறேன்," என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு அவ்வளவு நேரம் ஆகியிருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஜீப் தெருவுக்குள் திரும்பியது. சைக்கிள் பின்னால் கட்டியிருந்தது. நெசவாளர் டாக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தார். டாக்டர் நம் ஊர்க்காரர் நிறம்தான். இறங்கி, முதலில் என் குழந்தையிடம் வந்தார். ஊசி அதன் புஜத்தில் பொட்டுப் பொட்டாகக் குத்தியபோது அது வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு எனக்கு மூச்சு வந்தது.

பிறகு பக்கத்து வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினார். அவள் விளக்கை உயர்த்திப் பிடித்தாள். அப்போதுதான் அவர் கன்னத்தைப் பார்த்தோம், குழிகுழியாக, நெற்றி வரை. மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறப்பதற்குள் அவர் கையால் தடுத்தார். வழியெல்லாம் நெசவாளரிடம் கேட்டுப் படித்ததைத் தட்டுத்தடுமாறி, எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொன்னார்:

"எங்க வூட்டுக்கும் அம்மா வந்தாங்கமா."