அசுரனின் மீசை

"அப்பா, இந்த அசுரனும் இளவரசனும் எதிரிங்களா, கூட்டாளிங்களா? டீச்சருக்கு எழுதிக் குடுக்கணும்லா!" என்று மகள் கத்தினாள். அவள் கையில் புராணக் கதையை வைத்து எழுதிய இங்கிலீஷ் நாவல். பிய்ந்த அட்டையை ஒட்டப் பசை டப்பாவைத் திறந்திருந்தாள். அந்த ரப்பர் வாடை என்னை நான் வளர்ந்த பெடாஸ் ரப்பர் தோட்டத்துக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டது.

கோயில் திருவிழா நாடகத்தில் என் அப்பாதான் அசுரன். அவரைக் கொல்லும் ராஜா, அம்மாவின் அண்ணன். அசுரனுக்கு ராஜாதான் மீசை ஒட்ட வேண்டும் என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். ஒரு வருஷமாகப் பேசாதிருந்த இருவரும் முகத்துக்கு முகம் உட்கார்ந்தார்கள். கோபமோ அவசரமோ, மாமா பசைக்குப் பதில் ரப்பர் பாலையே அள்ளிப் பூசிவிட்டார்!

நாடகம் முடிந்தும் மீசை கழன்று வரவில்லை. மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் அப்பா அசுரனாகவே நின்றார். சிரித்த சிரிப்பில், பேர் பதியும் கிராணி பேனாவைக் கீழே போட்டார். அன்று மத்தியானம் மாமா தேங்காய் எண்ணெயோடு வீட்டுக்கு வந்து மீசையைப் பிடித்து இழுத்தார்.

"ஐயோ, மெதுவா மச்சான்!"

ஒரு வருஷத்துக்குப் பிறகு அப்பா அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மகள் பேனாவோடு காத்திருந்தாள். "சொல்லுங்கப்பா, என்னன்னு எழுதறது?"

"மச்சான்னு எழுதும்மா!"