கழுவக் கூடாத மூட்டை

விலாசினிக்கு ஊரில் ‘கழுவு சேச்சி’ என்று பெயர். வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக் குப்பை வாங்கும் பச்சைச் சட்டைப் பெண்களுக்கு அவள்தான் தலைவி. அலசாத மீன் கவரை யாராவது நீட்டினால் வாசலிலேயே மானத்தை வாங்கிவிடுவாள். “மத்தி தின்னது நீங்க, அந்த நாத்தத்தை நான் சுமக்கணுமா?” என்பாள். அவள் வருகிற நாளில் மாடிவீட்டுக்காரர்கள்கூட குழாயடியில் உட்கார்ந்து கவர் அலசுவார்கள். கட்டின புருஷன் ஓடிப்போனதற்கும் இந்தக் கெடுபிடிதான் காரணம் என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. அவன் ஓடியது கள்ளுக்கடைப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும்.

அன்று இடைவிடாத மழை. வீடுகளில் வாங்கிய மூட்டைகளைக் கொட்டிப் பிரிக்கிற கொட்டகையின் தகரக் கூரை அதிர்ந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் கூரை ஒழுகி, கீழே கிடந்த மூட்டைகள் நனைந்திருந்தன. அவளோடு வேலை செய்யும் ஏலியாம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

“சேச்சி, அந்த நீல மூட்டையில எவனோ மீன் கவரைத் திணிச்சிருக்கான். பூண்டும் மத்தியும் சேர்ந்து அழுகின மாதிரி குடலைப் புரட்டுது.”

“மூக்கைப் பொத்திட்டு நின்னா நாத்தம் போயிடுமா? கொட்டி, தண்ணி ஊத்தி அலசுடி.”

“ஊத்துறேன், ஊத்துறேன். உங்களுக்கு வாய் வலிக்காது, எனக்குத்தான் இடுப்பு வலி” என்று முனகியபடி அவள் தண்ணீர் வாளியோடு நீல மூட்டை கிடந்த பின்மூலைக்குப் போனாள்.

விலாசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூட்டையைக் கவிழ்த்ததும் கவர்களோடு மூடியில்லாத ஓர் அலுமினியக் குப்பி உருண்டது. அதன் வாயிலிருந்து பாதி உதிர்ந்த மாத்திரைகளும் சாம்பல் நிறப் பொடியும் ஈரத் தரையில் சிந்த, மெல்லிசாகப் புகை கிளம்பியது.

அந்தக் குப்பியை அவளுக்குத் தெரியும். இந்த வேலைக்கு வருமுன் அவள் காலடி ஊரில் ஓர் அரிசி ஆலைக் கிடங்கைப் பெருக்கியவள். வண்டு சாக இந்தக் குப்பி மாத்திரையை வைத்துக் கதவிடுக்கெல்லாம் காகிதம் ஒட்டிவிடுவார்கள். ஈரக் கை படக்கூடாது, பட்டால் விஷக் காற்று என்பார் மேஸ்திரி. மறந்துவைத்த பீடிக்கட்டை எடுக்க உள்ளே நுழைந்த மூட்டைத் தூக்கி குஞ்ஞப்பனை நாலு பேர் தூக்கி வந்ததை அவள் கண்ணால் பார்த்தவள்.

“ஏலியாம்மே! ஊத்தாதே!”

மழையில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. முந்தானையால் வாயையும் மூக்கையும் அழுத்திக்கொண்டு ஓடினாள். அவள் போய்ச் சேருமுன் பாதி வாளி கவிழ்ந்திருந்தது. தரையில் நுரை சீறியது. ஏலியாம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“விடுங்க சேச்சி! நீங்க சொன்னதைத்தானே செய்யறேன்!”

பதில் சொல்ல வாயைத் திறந்தால் செத்தோம் என்று, சொல்லாமல் இழுத்தாள். வெளியே வந்ததும் எல்லாரையும் மழையில் தூர விரட்டினாள். ஏலியாம்மா சேற்றில் மண்டியிட்டு வாந்தி எடுத்தாள். நெஞ்சை அடைக்கிறது என்றாள். தீயணைப்புக்காரர்கள் முகமூடியோடு உள்ளே போய்க் காய்ந்த மணலைக் கொட்டியபோது ஏலியாம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

“இதுக்கு மாற்று மருந்து கிடையாது. இதயம் தாங்கணும், அவ்வளவுதான்” என்றார் டாக்டர்.

விலாசினி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தாள். அலசுடி என்று சொன்ன வாய் தன்னுடையதுதானே என்று நினைத்து நினைத்து அழுதாள். ஏலியாம்மாவின் ரத்த அழுத்தம் இறங்குவதும் ஏறுவதுமாக இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் அவள் கண் திறந்தாள். கஞ்சியைக்கூடக் கேட்கவில்லை.

“அந்த மூட்டையை யார் சேச்சி குடுத்தது?”

யாரென்று விலாசினிக்குத் தெரியும். நீல மூட்டையைத் தன் கையாலேயே குப்பை ஆட்டோ வரை தூக்கி வந்து வைத்தவர் பவித்ரன், பழைய மளிகைக் கடைக்காரர். நேராக அவர் வீட்டுக்குப் போனாள். திட்டித் தீர்க்க வேண்டுமென்று வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு போனவளைக் கண்டதும் அவரே முந்திக்கொண்டார்.

“கேள்விப்பட்டேன் விலாசினி. கடையை மூடினப்போ மிஞ்சின வண்டு மாத்திரை அது. பேரக்குழந்தை தவழுற வீட்டுல விஷத்தை வெச்சுக்க முடியுமா, சொல்லு? அதான் கவருக்கு நடுவுல பத்திரமா வெச்சுக் கட்டி உங்ககிட்ட குடுத்தேன்.”

விலாசினி கொடியில் கிடந்த அவர் சட்டையை எடுத்து நீட்டினாள். 

“சேட்டா, போலீஸ் அப்புறமா வரட்டும். இப்ப சட்டையை மாட்டிட்டு என்கூட வாங்க. இதை அப்படியே அவ கட்டில் பக்கத்துல நின்னு சொல்லுங்க.”