வெடிக்காத தோட்டாவை நிரப்பியவள்

என் மனுசனுக்குக் கருமருந்துத் துவக்கு என்றால் உயிர். பழைய காலத்து அச்சில் புதிதாகச் செய்த சாமான். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் போடலாம், சுட்டால் எதிரே ஒன்றும் தெரியாதபடி வெள்ளைப் புகை கிளம்பும். சனிக்கிழமைகளில் அதைத் தூக்கிக்கொண்டு, குறிபார்த்துச் சுடுகிற கிளப்பில் அவர் அடிக்கிற நடப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் தோட்டா நிரப்புகிறவள் நான். பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் குந்தியிருந்து, தோட்டாவின் பித்தளைக் கோதுக்குள் நீளக் குழாயால் மருந்தை மெல்ல மெல்ல ஊற்றவேண்டும். மேலே மட்டைத் துண்டு வைத்து அமத்தவேண்டும். இடையில் வெற்றிடம் நின்றால் துவக்கே பிளந்துவிடலாம். அதற்குமேல் தேன்மெழுகு பூசிய ஈயக்குண்டு. அவருக்குப் பொறுமையும் இல்லை, நுணுக்க வேலைக்குக் கையும் வராது. புவாண்ட்-கிளேர் வெயர்ஹவுசில் நாள் முழுக்கச் சின்னச் சாமான் பொதி செய்கிற எனக்கு அது கைவந்த வேலை. ஆனால் கிளப்பில் யார் கேட்டாலும் “எல்லாம் என்ரை கைவேலை” என்பார். தேத்தண்ணிப் பிளாஸ்க்கோடு பக்கத்தில் நிற்கிற என்னை ஒருநாள்கூடத் திரும்பிப் பார்க்கமாட்டார். மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

போன கோடையில், போட்டிக்கு முதல்நாள், அவருக்கு ஒரு ஆசை வந்தது. கறுத்துப்போன கோதுகள் குத்துவிளக்கு மாதிரி மினுங்கவேண்டுமாம். புளி கரைத்து ஊறப்போட்டுத் தேய்த்தார்.

“வடிவாக் காயட்டும், பேந்து நிரப்புவம்,” என்றேன்.

“எல்லாம் காஞ்சிட்டுது. சொன்னதைச் செய்.”

ஒரு கோதில் இன்னும் ஈரம் இருந்தது, விரலில் தெரிந்தது. சொன்னதைச் செய்தேன். அது பிழைதான், இப்போதும் ஒளிக்கவில்லை.

அடுத்தநாள் முதல் ஐந்து குண்டும் நடுவட்டத்துக்குள் விழுந்தன. லாசாலில் இருந்து வருகிற மட்டக்களப்பு அண்ணை ஒருவர், “நல்லாத்தான் நிரப்பியிருக்கிறீங்க,” என்று இவரைத் தட்டிக்கொடுத்தார். இவர் இளித்தார். ஆறாவது தோட்டா ‘டிக்’ என்றதோடு சரி. உடனே துவக்கைத் திறந்து பார்க்கக் கையை வைத்தார். பிந்தி வெடித்தால் முகமே போய்விடும்.

“கையை எடுங்கோ,” என்று கத்தினேன். ஒரு நிமிடம் துவக்கைக் இலக்குப் பலகைப் பக்கமே பிடித்தபடி நின்றார். பிறகு தோட்டாவை வெளியே எடுத்துக் குண்டைக் கழற்றிப் பார்த்தால் மருந்து சேறாகக் கிடந்தது.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என் பக்கம் விரலை நீட்டினார்.

“நானில்லை. இவள்தான் நிரப்பினவள்.”

கிளப்பில் பாதிப்பேர் பிரெஞ்சுக்காரர், அதையே பிரெஞ்சிலும் ஒருமுறை சொன்னார், ஒருவருக்கும் விளங்காமல் போய்விடக்கூடாதாம்.

“ஓம், நான்தான்,” என்றேன். “நடுவிலை விழுந்த அஞ்சும் நான் நிரப்பினதுதான். மூண்டு வருசமா இவர் சுட்டது முழுக்க நான் நிரப்பினதுதான்.” அதை நானும் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் திருப்பிச் சொன்னேன். பிழை பிழையாகத்தான் வந்தது, ஆனால் எல்லோருக்கும் விளங்கியது.

காரில் வீட்டை நெருங்கும்போது, “சனத்துக்கு முன்னாலை என்னைக் கேவலப்படுத்திப்போட்டாய்,” என்றார்.

“ஓம்,” என்றேன். “நீங்கள் மூண்டு வருசமா எனக்குச் செய்தது. நான் இண்டைக்குத்தான் செய்தனான்.”