குழாய்ப் பொந்துக்குள் ஒரு குரல்

யுத்த காலத்தில், விசாவுக்காகக் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு மாடிக்கட்டடத்தில் தனியாகக் காத்திருந்தேன். ஒருவரையும் தெரியாது. யாராவது கதவைத் தட்டினால், தமிழ் இளைஞர்களைப் பிடித்துப்போகும் ஆமி செக்கிங் என்று பயந்து மூச்சுவிடாமல் கிடப்பேன்.

குளியலறை மூலையில் தண்ணீர்க் குழாய்கள் மாடிக்கு மாடி இறங்கும் பொந்தைச் சீமெந்தால் அடைக்காமல் விட்டிருந்தார்கள். அதற்குள்ளால் கீழ்வீட்டு அக்காவின் பேச்சும் இருமலும் கேட்கும். எனக்கிருந்த துணை அதுதான்.

ஒருநாள் பகல் யாரோ கதவை உடைப்பதுபோல் தட்டிச் சிங்களத்தில் கத்தினார்கள். வழக்கம்போல் அசையாமல் கிடந்தேன். அவர்கள் போன பிறகு பொந்துக்குள்ளிருந்து புகை வந்தது. கூடவே அந்த அக்காவின் குரல், இருமி இருமி:

“மேல்வீட்டுத் தம்பி! உள்ளுக்குத்தான் நிக்கிறீங்கள் எண்டு எனக்குத் தெரியும். செக்கிங் இல்லை, கீழ்க் கடையில நெருப்பு! ஓடி வாங்கோ!”

நான் இருப்பது ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது! ஓடித் தப்பினேன்.

நெருப்பு அணைந்தபின் நன்றி சொல்லப் போய் அந்த அக்காவின் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. தட்டினால் செக்கிங் என்ற பயம் அங்கேயும் அப்படித்தான்.

அடுத்த கிழமை சீமெந்து பூச மேசன் வந்தார். நெருப்பும் புகையும் மாடி ஏறாமலிருக்கப் பொந்துகளை அடைக்க வேண்டும், அதுதான் சட்டம் என்றார். “பூசட்டா?”

பொறுக்கச் சொல்லிக் குனிந்தேன். “அக்கா, நான் மேல்வீட்டுத் தம்பி.” தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“பூசுங்கோ” என்றேன்.

இப்போதும் வீடு மாறினால் முதலில் குழாய்ப் பொந்தைத்தான் பார்ப்பேன். அடைத்திருந்தால் நிம்மதி. ஆனாலும் ஒருமுறை காதை வைத்துக் கேட்பேன்.