ஏலக்காயோடு காய்ந்த டைனோசர்

நடந்தவை, வரிசைப்படி:

1. குழந்தை வளர்ப்பு பற்றிய ஓர் இணையப் பக்கத்துக்கு நான் பொம்மை மதிப்புரை எழுதுகிறேன். அவர்கள் போடியில் இருக்கும் என் வீட்டுக்கு ஒரு டைனோசரை அனுப்பினார்கள். மடக்கித் திருப்பினால் அது ரோபோவாகும்.
2. பள்ளி விடுமுறை. அக்காவின் ஐந்து வயது மகளோடு ஜீப்பில் மலையேறி அவளுடைய அப்பாவின் ஏலத்தோட்டத்துக்குப் போனேன். டைனோசரும் வந்தது.
3. அவள் அதை மழையில் நனைத்தாள்.
4. நனைந்ததைக் காய வைத்தாள்.
5. காய வைத்த இடம், ஏலக்காய் உலர்த்தும் அறை.
6. மறுநாள் காலை, சூடான காய்க் குவியலுக்குள்ளிருந்து டைனோசர் வெளியே வந்தது.
7. அந்த எடுப்பில், அதாவது அந்தப் பறிப்புச் சுற்றில், கிடைத்த காய் முழுவதும் அந்தக் குவியலில்தான் இருந்தது.

ஆறாவது வரைக்கும் சிரிக்கலாம். நாங்களும் சிரித்தோம். ஏழாவதை யோசித்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

ஏலக்காய் உலரும்போது பக்கத்தில் எது மணத்தாலும் அதை வாங்கி வைத்துக்கொள்ளும். புகை கசிந்தால் புகை, டீசல் சிந்தினால் டீசல். வியாபாரி ஒரு கை அள்ளி மூக்கில் வைப்பார். வேறு வாசம் அடித்தால் மூட்டை திரும்ப ஜீப்பில் ஏறும். அதோடு முடியாது. இன்னார் காயில் டீசல் வாசம் என்று அடுத்த வருஷம் வரைக்கும் பேச்சிருக்கும்.

அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். தோட்டம் அவருக்குச் சொந்தமில்லை, பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்தது. முந்தைய கோடையில் மழை ஏமாற்றியதில் பாதிச் செடி கருகிப் போயிருந்தது. பிழைத்த செடிகள் தேறி, நன்றாகக் காய்த்த முதல் எடுப்பு இது. பறிப்பு தொடங்கிய அன்று, சாப்பிடும்போது, மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“இந்த எடுப்பு நல்லாப் போச்சுன்னா பாட்டத்தத் தொடர்வோம். இல்லைன்னா விட்டுட்டு வேற சோலி பாக்க வேண்டியதுதான்.”

அக்கா மோர்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

நான் படித்தது இயந்திரவியல். பிளாஸ்டிக் பாகங்களுக்கு அச்சு வடிவமைக்கிற வேலை. கோயம்புத்தூரில் சில வருஷம் இருந்துவிட்டு, இப்போது அதே வேலையைப் போடி வீட்டு மாடியிலிருந்து செய்கிறேன். பொம்மை மதிப்புரை இதன் ஓரத்தில் சேர்ந்துகொண்டது. எந்தப் பொம்மை வந்தாலும் பார்க்க ஒரு வரிசை வைத்திருக்கிறேன்: முனை கையைக் கிழிக்குமா, கழன்று வாய்க்குள் போகிற சிறு துண்டு உண்டா, மூட்டுகள் எத்தனை தடவை தாங்கும், பெரியவர் துணையில்லாமல் குழந்தையே மாற்ற முடியுமா.

இந்த டைனோசர் எல்லாவற்றிலும் தேறியது. பேட்டரி இல்லை, திருகாணி வெளியே தெரியவில்லை. தலையைக் கீழே மடக்கினால் அது ரோபோவின் மார்பாகிறது. வாலை இரண்டாகப் பிரித்தால் கால்கள். முன்னங்கால்களைச் சுற்றினால் கைகள். ஒவ்வொரு அசைவும் முடிகிற இடத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதனால் சரியாக வந்துவிட்டதா என்று குழந்தை யாரையும் கேட்க வேண்டாம். அக்கா மகள் முதல் முறை என்னைப் பார்த்துச் செய்தாள். இரண்டாம் முறை என் கையைத் தட்டிவிட்டாள்.

தோட்டத்தில் காய் எடுக்கிற பெண்களுக்கு அது டைனோசராகவே தெரியவில்லை.

“என்னத்தா இது, ஓணானுக்குச் சட்டை போட்டாப்புல?”

“ஓணான் இல்ல, டைனோசர்,” என்றாள் அக்கா மகள்.

“கடிக்குமா?”

“ரோபோ ஆச்சுன்னா கடிக்காது.”

“அப்ப எங்க மேஸ்திரியையும் ஒரு தடவ மடக்கித் திருப்பிக் குடு, ஆத்தா.”

மலையில் மழைக்காலத்தில் துணி காயாது. இரண்டு நாள் கொடியில் கிடந்தாலும் எடுக்கும்போது ஈரமாகத்தான் இருக்கும். அதனால் எல்லாரும் ஈரச் சாமான்களைக் காய் உலர்த்தும் ஸ்டோருக்குக் கொண்டுபோவார்கள். ஸ்டோர் என்பது அடுப்புச் சூட்டில் நாள் முழுக்கக் கதகதப்பாக இருக்கிற கட்டடம். அதன் வெளிச்சுவரில் கம்பி கட்டி காலுறை, குடை, கோணிப்பை, பிள்ளைகளின் பள்ளிப் பை எல்லாம் தொங்கும். உள்ளே, காய்த் தட்டு அடுக்கியிருக்கிற அறைக்குள், ஒரு பொத்தானைக்கூட யாரும் கொண்டுபோக மாட்டார்கள். வெளிச்சுவர் வேறு, உள்ளறை வேறு. பெரியவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை என்பதால் சின்னவளுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. கம்பி அவளுக்கு எட்டாது. பெண்கள் தட்டு சுமந்து உள்ளே போனபோது பின்னாலேயே போய், கீழ்த்தட்டில் டைனோசரைப் படுக்க வைத்து, பச்சைக் காயை மேலே போர்த்திவிட்டு வந்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் எல்லாத் தட்டுகளையும் ஒன்றாகக் கொட்டி, சூடு ஆறுவதற்குள் கம்பிவலை மேல் போட்டுச் சாக்கால் தேய்த்தார்கள். அப்போதுதான் காம்பு உதிரும். திடீரென்று ஒரு பெண் கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

“ஏ ஆத்தாடி, உடும்பு!”

மற்றவர்கள் பின்னால் பாய்ந்தார்கள். அப்புறம் யாரோ அதைக் காலால் திருப்பிப் பார்க்க, ஸ்டோர் முழுக்கச் சிரிப்பு. மாமா உள்ளே வந்து டைனோசரைக் கையில் எடுத்தார். முதலில் அதை மோந்து பார்த்தார். பிறகு காயை அள்ளி மோந்தார். சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது.

நான் பொம்மையை வாங்கிப் பார்த்தேன். உடம்பு கெட்டிப் பிளாஸ்டிக். ஸ்டோர்ச் சூடு அதை ஒன்றும் செய்யாது, அது எனக்கு உறுதி. ஆனால் வால் நுனியும் முதுகுச் செதிலும் மெத்தென்று ரப்பர் மாதிரி இருந்தன. குழந்தையைக் குத்தாமல் இருக்கட்டும் என்று அப்படிச் செய்திருந்தார்கள். அதற்காகவே அந்தப் பொம்மையைப் பாராட்டி எழுத நினைத்திருந்தேன். மெத்தென்ற பிளாஸ்டிக்கில் பல வகை உண்டு. சில வகை சூட்டில் வாசம் விடும், சில விடாது. இது எந்த வகை என்று அட்டைப் பெட்டியில் போடவில்லை. வால் நுனி ஒரு பக்கம் வளைந்திருந்தது.

“வாசம் வருதா?” என்று மாமா என்னைக் கேட்டார்.

மோந்தேன். ஏலக்காய் வாசம். அக்கா மோந்தாள், அவளுக்கும் அதுதான்.

“எனக்கு இந்த ரெண்டு வாரமா ரசத்துலயும் ஏலக்காதான் அடிக்குது. என் மூக்க நம்பாதீக,” என்றாள்.

அதுதான் பிரச்சினை. அந்த மலையில் இருந்த எந்த மூக்கும் உதவாது. காய் நன்றாக இருக்கிறதென்று சொல்லவும் முடியாது, கெட்டுவிட்டதென்று சொல்லவும் முடியாது.

அக்கா மகள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை. அதுவே அவளைப் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

“சித்தி,” என்றாள் என்னிடம், மெதுவாக. “ஈரமா இருந்தா ஸ்டோர்லதான வைப்பாக?”

மாமாவுக்குக் கேட்டுவிட்டது. கையில் அள்ளியிருந்த காயைக் குவியலில் போட்டார்.

“ஆமாத்தா. அங்கதான் வைப்போம்,” என்றார். பிறகு ஜீப்புக்குச் சொல்லிவிடப் போனார்.

அன்று மதியமே இந்த எடுப்புக் காயில் கொஞ்சமும், முந்தைய எடுப்பில் வீட்டுக்கென்று வைத்திருந்த காயில் கொஞ்சமும் தனித்தனியாகக் கட்டிக்கொண்டு போடிக்கு இறங்கினோம். எனக்குத் தெரிந்த ஒரு முறை இருந்தது. மூன்று டம்ளரில் இரண்டில் ஒரே காய், ஒன்றில் வேறு காய். எது வேறு என்று சொல்லாமல் மோந்து பார்க்கச் சொல்ல வேண்டும். நிஜமாகவே வேறு வாசம் இருந்தால் பலரும் ஒரே டம்ளரைக் காட்டுவார்கள். இல்லையென்றால் ஆளுக்கொன்றைக் காட்டுவார்கள். இரண்டு எடுப்புக்கும் இடையே இயல்பாகவே சிறு வித்தியாசம் இருக்கலாம் என்பது தெரியும். வேறு வழி இல்லை.

ஏலக்காய் வேலை செய்யாத ஆட்களாகத் தேடினேன். சிலமலையிலிருந்து பால் கொண்டுவருகிற அண்ணன், எதிர்வீட்டுத் தையல்கார அக்கா, ராசிங்காபுரத்திலிருந்து கத்தரிக்காய் விற்க வருகிற அம்மா, இன்னும் தெருவில் கிடைத்தவர்கள். தட்டில் டம்ளர்களோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்துக் கத்தரிக்காய்க்கார அம்மா கூடையை இறக்கினார்.

“என்னத்தா, பொண்ணு பாக்க வந்தவுகளுக்கு நீட்டுற மாதிரி நீட்டுற. உள்ள காப்பியக் காணோம்?”

“காப்பி அப்புறம் தர்றேன். எது வேற வாசம்னு மட்டும் சொல்லுங்க.”

மூன்றையும் மோந்தார். மறுபடியும் மோந்தார். “மூணும் ஒண்ணுதான். எதையாவது காட்டணும்னா இந்தா, இது,” என்று நடு டம்ளரைத் தொட்டார். தையல்கார அக்கா இடது ஓரத்தைச் சொன்னார். பால்கார அண்ணன் வலது ஓரத்தைச் சொல்லிவிட்டு, “பாயாசம் எப்ப?” என்றார். ஒவ்வொருவருக்குப் பிறகும் நான் டம்ளர்களை இடம் மாற்றினேன். யார் எதைக் காட்டினார்கள் என்று கடைசியில் சேர்த்துப் பார்த்தபோது, அவர்கள் காட்டியதில் ஒரு ஒழுங்கும் இல்லை. என் வேலையில் ஒழுங்கில்லாத விடை வந்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் உட்காரவே இல்லை என்று அப்போதுதான் கவனித்தேன்.

மாமா, “அப்ப சொல்லாமலே வித்துறலாமா?” என்றார்.

“சொல்லித்தான் விக்கணும்,” என்றாள் அக்கா.

“சொன்னா அதையே சாக்கா வச்சு வெலையக் கொறைப்பாக.”

“கொறைக்கட்டும். பின்னால எவனாவது கண்டுபிடிச்சு, தெரிஞ்சே வித்தாகன்னு சொல்றதுக்கு இது தேவலை.”

காய் மூட்டைகள் மலையிலிருந்து வந்ததும் மாமாவோடு நானும் வியாபாரியின் கடைக்குப் போனேன். மாமா நடந்ததைச் சொன்னார். நடுவில் ஒரு இடத்தில் குரல் இறங்கியது. வியாபாரி மூட்டையைத் தொடவில்லை. “அந்தப் பொம்மையக் கொண்டா, பாப்போம்,” என்றார்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தலையை மடக்கினார். வாலைப் பிரிக்கத் தெரியாமல் மேல்நோக்கி இழுத்தார். “இத அஞ்சு வயசுப் பிள்ளையா மாத்துது?” என்று கேட்டுவிட்டுப் பாதி டைனோசராகவே மேசைமேல் வைத்தார். பிறகு ஒவ்வொரு மூட்டையிலும் ஆழமாகக் கைவிட்டு அள்ளி, கையை மூடி, உள்ளே வாயால் ஊதிச் சூடேற்றி மோந்தார். காயை உடைத்து உள்ளிருந்த ஏலரிசியைக் கடித்துப் பார்த்தார். மாமா என்னைப் பார்க்கவில்லை. நான் தராசையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“காய் நல்ல காய்,” என்றார் வியாபாரி. “ஓணான் வாசம் ஒண்ணையும் காணோம். வெரசா எடைபோட்டு இறக்குங்கப்பா.”

கடையை விட்டு வெளியே வந்து மாமா பைக்கை உதைத்தார். அது பிடிக்கவில்லை. மறுபடி உதைப்பதற்கு முன் திரும்பிப் பார்த்தார்.

“என்ன எஞ்சினியரம்மா, அடுத்து என்ன பொம்மை வருது? முன்னக்கூட்டியே சொல்லிரு. ஸ்டோர்ல ஒரு தட்டு தனியா ஒதுக்கிர்றேன்.”

டைனோசர் வெளியே வந்ததிலிருந்து அவர் என்னை வழக்கம்போலக் கேலி செய்யவே இல்லை. நான் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் உட்கார்ந்தேன். வியாபாரி பாதியில் விட்டதை வழியிலேயே ரோபோவாக்கி முடித்தேன். ஒவ்வொரு ‘டக்’கும் சரியாக விழுந்தது.

இப்போதைய நிலை இது. காய் அன்றைய விலைக்கே போனது. பாட்டம் தொடர்கிறது. ஸ்டோர் உள்ளறைக் கதவில், அக்கா மகளுக்கு எட்டாத உயரத்தில், புதுத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. வெளிச்சுவரில் அவளுக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு கம்பியும் கட்டியிருக்கிறது. மதிப்புரையை அனுப்பிவிட்டேன். ஐந்து வயதுக்கு ஏற்றது, மூட்டுகள் உறுதி, வால் நுனி எதனால் ஆனதென்று தயாரித்தவர் பெட்டியில் போட வேண்டும், சூடான இடத்தில் வைக்கக் கூடாது என்று எழுதினேன். டைனோசர் அக்கா மகளிடம் இருக்கிறது. வால் நுனி வளைந்ததால் ரோபோவாக நிற்கும்போது இடது பக்கம் கொஞ்சம் சாய்கிறது. விழவில்லை.