தட்டைச் சுற்றிய பெயர்கள்

கிள்ளானில் நான் சூப்பர்வைசராக இருக்கும் துப்புரவுக் கம்பெனிக்கு இன்று காலை ஒரு மனு வந்தது. நிறுத்திய லீவைத் திரும்பக் கேட்டு எங்கள் தொழிலாளிகள் எழுதியது. "இதுல தலை யாருன்னு பாரு லா" என்று பாஸ் என் மேசையில் போட்டுவிட்டுப் போனார்.

பிரித்துப் பார்த்தேன். பெயர்கள் வரிசையாக இல்லை. வட்டமாக இருந்தன.

அந்த வட்டத்தை எனக்குத் தெரியும். என் சின்ன வயதில், மாற்று வீடு தராமல் எஸ்டேட் தொழிலாளிகளின் லயன் வீடுகளைக் காலி பண்ணச் சொன்ன சமயம், எங்கள் சோற்றுத் தட்டை மனுக் காகிதத்தில் கவிழ்த்துத்தான் கோடு இழுத்தார்கள். ஓட்டுக் கேட்காமலே ஞாயிறுதோறும் மோட்டார் சைக்கிளில் வரும் கட்சிக்கார அக்கா சொன்னார்: "வட்டமா போட்டா யாரு மொதல்லன்னு தெரியாது. ஒருத்தரை மட்டும் பிடிக்க முடியாது." ரப்பர்பால் வாடை அடிக்கும் கட்டைவிரல்கள் ஒவ்வொன்றாக மையில் தோய்ந்தன.

மறுநாள் எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சிரித்துக்கொண்டே கேட்டார். "யாரு பாப்பா மொதல்ல கைநாட்டு வெச்சது?"

"எங்கம்மா! தட்டே எங்களோடதுதான்!" எனக்கு ஏழு வயது. அவ்வளவு பெருமை.

அந்த வாரமே அம்மாவுக்கு வேலை போனது. அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. தட்டின் விளிம்பில் ஒட்டியிருந்த மையைத் தேய்த்துக் கழுவி, அதிலேயே எனக்குச் சோறு போட்டார்.

"என்ன, கண்டுபிடிச்சிட்டியா?" பாஸ் எட்டிப் பார்த்தார்.

தெரியல பாஸ் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். குனிந்து பார்த்தால் என் கையில் பென்சில். மை அழுத்தமாக விழுந்து, முதலில் எழுதியதுபோல் தெரிந்த ஒரு பெயரைச் சுற்றி, எப்போது என்றே தெரியவில்லை, சின்னதாக வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.