இக்காஸ்டில் மே நான்கு

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் இன்று மாலை வீட்டுக்கு வீடு யன்னலில் மெழுகுதிரி எரிகிறது. 1945இல் இதே மாலை, ஜெர்மன் படை சரணடைந்த செய்தி கேட்டதும், டேனிஷ் மக்கள், குண்டுவிமானங்களுக்கு வெளிச்சம் தெரியாமலிருக்க மாட்டியிருந்த கறுப்புத் திரைகளைக் கழற்றி எறிந்துவிட்டு விளக்கேற்றினார்களாம்.

நான் தங்கியிருக்கும் வீட்டு மலர் அக்காவும் இரண்டு திரி கொளுத்துகிறார். அவரும் என்னைப்போல யாழ்ப்பாணத்துச் சண்டைக்குத் தப்பி வந்தவர்.

“நான் இஞ்ச வந்த வருசம், எல்லா வீட்டிலையும் திரி எரியிறதைக் கண்டு கரண்ட் நிண்டிட்டுதெண்டு நினைச்சன். வெளிச்சத்தைக் குண்டு போடுற பொம்மர் கண்டிடுமெண்டு யன்னல் சீலையையும் இழுத்து மூடினன். பக்கத்து வீட்டு மனிசி ஓடிவந்து, ‘சண்டை முடிஞ்சுது’ எண்டு திறந்துவிட்டா.”

மேலே ஒரு விமானம் இரைகிறது. என்னையறியாமல் இரண்டு திரியையும் ஊதி அணைத்துவிடுகிறேன்.

அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறார். “உது ஸ்பெயினுக்கு விடுமுறைக்குப் போற சனம். கொளுத்துங்கோ!”